வாய்தாவின் சரித்திரம்

'வாய்தா' என்ற சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நல்ல நகைச்சுவை உள்ளவர்களாக இருந்திருக்க வேண்டும். மூலம் அரபுச் சொல். நவாபுகளின் கச்சேரி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு 'வாக்குறுதி' என்று அர்த்தம். குறித்த நாளில் கட்டாயம் தந்துவிடுகிறேன் என்று சொல்வதுதான் வாய்தா. நிலத் தீர்வையைத் தவணை தவணையாகக் கட்டியவர்கள் வெகு காலம் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்திலேயே ஆண்டார்கள். கோர்ட்டு வாசற்படியைத் தாண்டியதும் அர்த்தம் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. இன்றைக்கு நடக்காது என்பதற்கு இப்போது அதுதான் பெயர்.

என் நண்பர் ஒருவர் பூந்தமல்லியில் வக்கீலாக இருக்கிறார். பெரிய வக்கீல் அல்ல. பெரிய வக்கீல் என்றால் அவருக்காக நாம் காத்திருக்க வேண்டும். இவர் நமக்காகக் காத்திருப்பவர். ஒரு மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போனால் இரண்டு அறைகள். முன் அறையில் கட்சிக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, குமாஸ்தாவுக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். உள் அறையில் நண்பர், அவருடைய சட்டப் புஸ்தகங்கள், சுவரோரமாக ஆள் உயரத்துக்குக் கேஸ் கட்டுகள். ஜூனியர் என்று ஒரு பெண்ணும் இருந்தாள். 'இருந்தாள்' என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

கதை எழுதுகிறவனுக்கு ரயில் பெட்டி, காப்பி ஓட்டல், வக்கீல் ஆபீஸ் மூன்றும் அள்ள அள்ளக் குறையாத இடங்கள். அதனால் மாதத்தில் இரண்டு முறையாவது நான் அந்தப் படியேறுவது உண்டு. நண்பரும் முகம் சுளித்ததில்லை. முன் அறைப் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால்தான் ஆபீசுக்குக் களை என்பது அவருடைய கட்சி. அந்த நாலில் ஒருவன் கதாசிரியன் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது?

இந்த மாதிரி ஆபீசுக்கு இருநூறு வயசு தாண்டிவிட்டது. 1802-ஆம் வருஷம் கம்பெனியார் சென்னை ராஜதானிக்கென்று ஒரு கத்தை ரெகுலேஷன்கள் போட்டார்கள். அவற்றில் ஒன்று வக்கீல்களைப் பற்றியது. வக்கீல் என்பதும் அரபுச் சொல்தான். இன்னொருவருக்குப் பதிலாகப் போய் நிற்பவன் என்று பொருள். அப்படி நிற்பவருக்குச் சன்னது வேண்டும் என்று ஏற்பட்டது. கூலியும் ஏற்பட்டது. வழக்கின் மதிப்பு எவ்வளவோ, அதற்குத் தக்கபடி. எத்தனை நாள் நடந்தார், எத்தனை மணி நேரம் தாழ்வாரத்தில் நின்றார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பிறகு தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-ல் வேறு ரெகுலேஷன்கள் வந்தன. கிராமத்துக்கு ஒரு முன்சீப், அவருக்கு மேலே ஜில்லா முன்சீப் என்று நியாயம் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. பூந்தமல்லி முன்சீப்பின் தீர்ப்புகளைப் பற்றிய பேச்சைப் பழைய சட்ட அறிக்கைகளில் பார்க்கலாம். இரண்டு மாட்டுக்கும் ஒரு கிணற்றுக்கும் நடந்த சண்டைகள் ஹைகோர்ட்டு வரைக்கும் போய், கனமான தோல் அட்டைக்குள் அழியா இடம் பிடித்திருக்கின்றன.

கூலிக் கணக்கு மட்டும் அன்றைக்குப் போட்ட கோட்டை விட்டு அதிகம் நகரவில்லை. 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு வகுத்த வக்கீல் கட்டண விதிகளிலும் சொத்து வழக்குகளில் வழக்கின் மதிப்பை வைத்துத்தான் செலவுத் தொகை கணக்கிடப்படுகிறது. கட்சிக்காரரிடம் தனியாகப் பேசி வாங்குவது வேறு விஷயம். ஆனால் குத்தம்பாக்கத்திலிருந்தும் திருமழிசையிலிருந்தும் வருகிற கட்சிக்காரர் மொத்தமாகப் பேசித்தான் பழக்கம். "கேஸ் முடிய எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். நண்பர் ஒரு தொகை சொல்வார். அதில் பாதியைத் தொடக்கத்தில் கொடுப்பார்கள். மீதிப் பாதி கேஸ் முடியும்போது. கேஸ் எப்போது முடியும் என்பதுதான் நம்முடைய சரித்திரம்.

அதற்குள் ஆபீசில் நடக்கிற சிறு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பிராதைத் தாக்கல் செய்தால் உடனே நம்பர் ஆகிவிடாது. சர்வே நம்பரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, முத்திரை குறைகிறது, பக்கம் மங்கலாக இருக்கிறது என்று குறிப்பெழுதித் 'ரிடர்ன்' வரும். சரிசெய்து மறுபடி கொடுத்தால் முதல் தடவை கண்ணில் படாத இன்னொரு குறை இரண்டாம் தடவை கண்ணில் படும். நம்பர் ஆனதும் பேட்டா கட்ட வேண்டும். அமீனா போய்ச் சம்மனைக் கொடுக்க வேண்டும். பிரதிவாதி வீட்டில் இல்லை என்று அது திரும்பி வரும். அவரோ அதே தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பார். இப்போது காகிதத்தையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் வழியாகவும் அனுப்ப வேண்டும் என்று வந்துவிட்டது. குமாஸ்தாவுக்கு அறுபத்து மூன்று வயசு. முப்பது வருஷமாக ஊசியும் நூலும் வைத்துக் கட்டுத் தைத்த கை. அந்தக் கை எலிப்பொறி மாதிரி ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, ஒரு மனிதனுக்கு ஒரு உடம்புதான் என்பது. காலை பத்தரைக்கு முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் ஒரே சமயத்தில் நண்பரின் கேஸைக் கூப்பிடுவார்கள். பத்து வக்கீல்கள் இருக்கும் ஆபீசுக்கு இது ஒரு பிரச்னையே அல்ல. இங்கே நண்பர் ஒரு கோர்ட்டில் நின்றால் குமாஸ்தா இன்னொரு கோர்ட்டுக்கு ஓடி, பெஞ்சு கிளார்க்கிடம் பல்லைக் காட்டி, "பாஸ் ஓவர்" கேட்க வேண்டும். கிடைத்தால் பிற்பகல். கிடைக்காவிட்டால் வாய்தா.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் இத்தனை பேர் இத்தனை நேரம் நின்றால் பேச்சு என்ன பேச்சாக இருக்கும்? கிரிக்கெட்தான். சென்னைப் பட்டணத்தில் வக்கீல் கவுனும் கிரிக்கெட்டும் ரொம்ப நாள் சிநேகம். 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் ஒரே நாளில் முடிந்துபோனதே, அந்த மாதிரி ஒரு வழக்கு முடிந்ததாக எந்த வக்கீலும் கண்டதில்லை. 1939-ல் டர்பனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் 'முடிகிற வரைக்கும் ஆடுவது' என்று ஆரம்பித்த டெஸ்ட், பத்து நாளாகியும் முடியாமல், இங்கிலாந்துக்காரர்கள் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டதே, அதைச் சொன்னால் தாழ்வாரத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

என் நண்பர் மட்டும் கிரிக்கெட் பேசுவதில்லை. அவருக்கு வேறு வியாதி. 2019-ல் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாசம் தங்கிவிட்டு வந்தார். மாப்பிள்ளை ஒரு நாள் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். அதோடு சரி. திரும்பி வந்த நாளிலிருந்து பூந்தமல்லி பாரில் பேஸ்பால் பேசும் ஒரே மனிதர் அவர்தான். கேட்பதற்கு ஆள் இல்லாத குறையை என்னை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

ஒருவன் பந்தை எறிகிறான். இன்னொருவன் உருண்டைத் தடியோடு நிற்கிறான். மூன்று தடவை தவறவிட்டால் அவுட். அடித்துவிட்டால் ஓட வேண்டும். நம் கிரிக்கெட் மாதிரி நேரே ஓடித் திரும்புவது அல்ல. மைதானத்தில் சதுரமாக நாலு மூலைகள். முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி, கடைசியில் புறப்பட்ட மூலைக்கே வந்து சேர வேண்டும். அந்த மூலைக்கு 'ஹோம்' என்று பெயர்; அதாவது வீடு. வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்றாம் தளத்தில் காலை வைத்துக்கொண்டு நிற்கும்போதே கூட்டாளிகள் அவுட்டாகிவிட்டால், அவ்வளவு தூரம் ஓடியதற்கு ஒன்றும் இல்லை. 'தளத்தில் விடப்பட்டவர்கள்' என்று அவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு மட்டும் எழுதி வைப்பார்களாம்.

"நம்ம ஆயா மூன்றாம் தளத்தில் நிற்கிறாள், சார்" என்பார் நண்பர்.

ஆயா குத்தம்பாக்கத்துக்காரி. பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள அந்த ஊரைப் பத்திரிகை படிப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இளங்கோ ரங்கசாமி என்ற என்ஜினீயர் உத்தியோகத்தை விட்டுவிட்டு 1996-ல் அங்கே பஞ்சாயத்துத் தலைவரானார். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு, ஒன்றில் தலித் குடும்பம், அடுத்ததில் வேறு ஜாதிக் குடும்பம் என்று அவர் எழுப்பிய சமத்துவபுரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஊர்க் காரியத்தை ஊரே பார்த்துக்கொள்ளும் என்று காட்டிய ஊர். ஆனால் அண்ணன் தங்கை பாகப்பிரிவினை ஊர்க் காரியத்தில் சேராது. பெங்களூர் சாலை அகலமாகி, பட்டணத்துப் பஸ் நிலையத்துக்கும் அந்தப் பக்கம் இடம் பார்த்த பிறகு, வேர்க்கடலை விளைந்த நிலத்தின் விலை என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயாவின் கதை சுருக்கம். பூர்வீக நிலம். அப்பாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள்தான் ஆயா. அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பா 1998-ல் இறந்தார். அண்ணன் உழுதான், அறுவடைக்கு ஒரு மூட்டை நெல்லோ கடலையோ தங்கைக்குக் கொடுத்தான். ஆயா புருஷனை இழந்து பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்த மூட்டை நின்றது. 2009-ல் நண்பரின் படியேறினாள். அப்போது அவளுக்கு அறுபதுக்குப் பக்கம்.

அந்தக் காலத்துச் சட்டத்தில் அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. 1989 மார்ச்சிலிருந்து தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்றார்கள். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்றும் சொன்னார்கள். ஆயாவின் கல்யாணம் அதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முந்தியது. பிறகு டில்லியில் இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. மகனைப் போலவே மகளும், கல்யாணம் எப்போது ஆனாலும் சரி. ஆயாவுக்கு இது ஆகிவந்தால் நிலத்தில் சரிபாதி. ஆகிவராவிட்டால், அப்பாவின் பாதியில் பாதி, அதாவது கால். அரையா, காலா? இதுதான் வழக்கு.

இங்கே நம் வாய்தாவுக்குத் திரும்ப வேண்டும். பேஸ்பாலுக்கும்தான்.

1850-களில் அமெரிக்காவில் அந்த ஆட்டம் ஆடியவர்களுக்கு ஒரு தலைவலி இருந்ததாம். தடிக்காரன் அடித்துத் தவறினால்தான் கணக்கு. அடிக்காமலே நின்றால் கணக்கில்லை. அதனால் தனக்குப் பிடித்த பந்து வருகிற வரைக்கும் அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பான். பொழுது சாயும். அம்பயர் பார்த்துக்கொண்டிருப்பார். 1858-ல் ஒரு விதி செய்தார்கள். நல்ல பந்தை அடிக்காமல் விட்டால், 'இதுவும் ஒரு தவறு' என்று அம்பயர் கூவலாம். மூன்று ஆனால் அவுட்.

அதற்கு மறு வருஷம், 1859-ல், இந்தியாவுக்கு முதல் சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது. 1862-ல் சென்னை ஹைகோர்ட்டு. நம்மவர்கள் எல்லா விதியும் செய்தார்கள். 'மூன்று ஆனால் அவுட்' என்பதை மட்டும் நூற்று நாற்பது வருஷம் செய்யவில்லை. கடைசியில் 2002 ஜூலை 1-ஆம் தேதி அதுவும் வந்தது. விசாரணையில் ஒரு கட்சிக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. எதிர்வாதி பதில் மனுவை முப்பது நாளில், தப்பினால் தொண்ணூறு நாளில் போட வேண்டும். வக்கீல்கள் கொதித்தெழுந்தார்கள். எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன வழக்குக்கு நம் சேலம் வக்கீல் சங்கத்தின் பெயர்தான். 2005 ஆகஸ்டு 2-ஆம் தேதி தீர்ப்பு. விதி செல்லும், ஆனால் கட்சிக்காரரின் சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மூன்றுக்கு மேலும் கொடுக்கலாம், தொண்ணூறு நாளும் கல்லில் எழுதியது அல்ல, விசேஷ நிலைமையில் நீட்டலாம் என்று சொன்னார்கள். விசேஷம் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் ஏது? கல்யாணம், காதுகுத்து, காரியம் எல்லாம் விசேஷம்தானே.

அடுத்த மாசமே, 2005 செப்டம்பரில், அமெரிக்காவின் தலைமை நீதிபதி பதவிக்கு வந்த ஜான் ராபர்ட்ஸ், செனட்டின் முன்னால் போய், நீதிபதி என்பவர் பேஸ்பால் அம்பயர் மாதிரி, விதியை அவர் செய்வதில்லை, பந்தைப் பார்த்துச் சொல்வதோடு சரி என்கிற தோரணையில் பேசினார். நண்பருக்கு இதில் அசாத்திய கோபம். "எங்கள் அம்பயர் ஊரிலேயே இல்லையே சார்! மாற்றல் ஆகிப் போனார். புது ஆள் வர நாலு மாசம். வருகிறவர் கட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இதில் பந்தைப் பார்ப்பது எங்கே?"

ஆயாவின் வழக்கில் 2012-ல் அண்ணன் இறந்துபோனான். அவனுடைய வாரிசுகளைச் சேர்க்க மனு, அதற்குப் பேட்டா, சம்மன், பதில் என்று இரண்டு வருஷம். பிறகு அண்ணன் மகன் ஒரு தந்திரம் செய்தான். கோர்ட்டுக்கே வரவில்லை. அவன் வராமலே ஒருதலையாக டிக்ரி ஆயிற்று. ஆபீசில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆயா வாழைப்பழம் வாங்கி வந்தாள். உடனே அவன், எனக்குத் தகவலே தெரியாது, தள்ளுபடி செய்யுங்கள் என்று மனுப் போட்டான். தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு. டிக்ரி போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

இதற்கும் பேஸ்பாலில் ஒரு விதி இருக்கிறது. தளங்களில் ஆள் நிற்கும்போது பந்து செங்குத்தாக மேலே போகிறது. பிடிப்பது வெகு சுலபம். ஆனால் பிடிக்கிறவன் வேண்டுமென்றே கீழே விடுவான். விட்டால், பிடித்துவிடுவான் என்று நம்பி நின்ற இரண்டு பேரை ஒன்றாக அவுட்டாக்கலாம். இந்தச் சூதைத் தடுக்க 1895-ல் ஒரு விதி செய்தார்கள். அந்த மாதிரிப் பந்து என்று அம்பயர் சொல்லிவிட்டால், பிடித்தாலும் விட்டாலும் அடித்தவன் அவுட். சூதுக்கு வேலை இல்லை. இந்த ஒரு விதிக்கும் சட்டம் வளர்ந்த விதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1975-ல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையின் சட்ட இதழில் ஒரு கட்டுரை வந்து, வக்கீல்களிடையே இன்றுவரை பிரசித்தமாக இருக்கிறது. நண்பர் அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். "வேண்டுமென்றே கீழே விடுகிறவனுக்கு அங்கே விதி இருக்கிறது. நமக்கு ஆர்டர் ஒன்பது, விதி பதிமூன்று இருக்கிறது, அது கீழே விட்டவனுக்குப் பந்தைத் திருப்பிக் கொடுக்கிற விதி" என்பார். நியாயமாகச் சொன்னால், உண்மையிலேயே சம்மன் கிடைக்காத ஏழைக்கும் அதே விதிதான் கதி. இதை நான் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார், மனசில்லாமல்.

இதுவரை படித்தவர்கள் வாய்தா என்றால் எதிராளி செய்யும் சூழ்ச்சி, கோர்ட்டின் சோம்பல் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில், ஆபீசில் யாரும் இல்லாதபோது, நண்பர் வேறொன்று சொன்னார்.

2015 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள், 2005 செப்டம்பர் 9-ல் அப்பா உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு அந்தப் பிறப்புரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆயாவின் அப்பா போனது 1998-ல். அன்றைக்கு வழக்கு முடிந்திருந்தால் கால் பங்குதான். "இந்தத் தீர்ப்பு நிற்காது என்று எனக்குத் தோன்றியது சார். நின்றுவிட்டால்? தெரியாது. நான் நின்றுகொண்டேன்" என்றார். சாட்சிக்கு உடம்பு சரியில்லை. சர்வே வரைபடம் வரவில்லை. சீனியருக்கு வேறு கோர்ட்டு. மூன்றுக்கு மேலே எத்தனையோ. ஒரு தடவை நீதிபதி அதிருப்தியோடு எதிர்த்தரப்புக்கு ஐந்நூறு ரூபாய் செலவு கட்டச் சொன்னார். நண்பர் தம் பையிலிருந்து கட்டினார். 2018-ல் வேறு இரண்டு நீதிபதிகள், 2001-ல் அப்பாவை இழந்த பெண்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். எது சரி? மூன்று நீதிபதிகளுக்குப் போயிற்று. 2020 ஆகஸ்டு 11-ஆம் தேதி, கொரோனாவில் கோர்ட்டெல்லாம் முடங்கிக் கிடந்த சமயத்தில், பதில் வந்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டோம் என்று சும்மா சொன்னாலும் எடுபடாது. 2021-ல் ஆயாவுக்குச் சரிபாதி என்று முதல் டிக்ரி.

ஐந்து வருஷம் நிற்க வைத்து, காலை அரையாக்கியிருக்கிறார். நான் கை கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் டிக்ரி என்பது முதல் தளம் மாதிரி. பங்கு எவ்வளவு என்று சொல்லும். எந்த மூலை யாருக்கு என்று சொல்லாது. அதற்கு மறுபடி மனு. கோர்ட்டு அனுப்பும் கமிஷனர் சர்வேயரோடு போய்ச் சங்கிலி பிடித்து அளக்க வேண்டும். அளந்தார்கள். வரப்பில் நின்ற பனைமரம் யாருக்கு என்பதில் ஒரு வருஷம். 2024-ல் இறுதி டிக்ரி. அதையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால்தான் நிறைவேற்ற முடியும். நிலத்துக்கு மதிப்பு ஏறிவிட்டதல்லவா, முத்திரைக்கும் ஏறியது. ஆயா கம்மலை அடகு வைத்தாள். இப்போது நிறைவேற்று மனு; அண்ணன் மகன் அப்பீல் போட்டுத் தடை கேட்கிறான். டிக்ரி கிடைத்த பிறகுதான் இந்தியாவில் வழக்காடுகிறவனுடைய கஷ்டம் ஆரம்பமாகிறது என்று 1872-லேயே லண்டனில் பிரிவி கௌன்ஸில் பிரபுக்கள் அலுத்துக்கொண்டார்கள். அவர்கள் யாரும் குத்தம்பாக்கத்தைப் பார்த்தவர்கள் அல்ல.

ஜூனியர் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். திருவள்ளூர்ப் பக்கத்துப் பெண். அவள் குடும்பத்தில் முதல் வக்கீல். மூன்று வருஷம் ஆயாவின் கட்டைச் சுமந்தவள் அவள்தான். 2024 ஜூனில் ஹைகோர்ட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாசம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. பார் கௌன்ஸிலும் சுற்றறிக்கை அனுப்பியது. நண்பர் அதைப் படித்துவிட்டு, பூந்தமல்லி 'மற்ற இடங்களில்' சேர்ந்ததற்காக ஒரு நிமிஷம் மகிழ்ந்தார். பிறகு வாடகை, குமாஸ்தா சம்பளம், கரண்டு, காகிதம் எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு கிண்டியில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

வக்கீல் தொழிலில் முதல் சில வருஷம் பட்டினி என்பதைப் பெருமையாகச் சொல்வது நம் ஊர் வழக்கம். வி. கிருஷ்ணசாமி ஐயர்கூட 1885-ல் வக்கீலானவர், ஆரம்பத்தில் கட்சிக்காரர் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆர்பத்நட் கம்பெனி முழுகிய சமயத்தில் பணம் போட்டவர்களுக்காக நின்று, 1907-ல் இந்தியன் பாங்க்கு எழும்பக் காரணமானவர், ஹைகோர்ட்டு நீதிபதியும் ஆனார் என்று மேடையில் சொல்வார்கள். சொல்லட்டும். அப்படி உட்கார்ந்திருந்து ஒன்றும் ஆகாமல் போனவர்களுக்கு மேடையில் இடம் இல்லை. ஆகையால் அந்தக் கணக்கு நமக்குத் தெரிவதில்லை. தெருவிலிருந்து படியேறி வரும் பெண்ணுக்குப் பஸ் காசு யார் கொடுத்தார்கள் என்பதும் சரித்திரத்தில் ஏறுவதில்லை.

போன மாதம் போயிருந்தேன். நண்பர் உற்சாகமாக இருந்தார். காலம் காலமாகக் கடிகாரமே இல்லாமல் ஆடிய ஆட்டத்தில் 2023 முதல் கடிகாரம் வைத்துவிட்டார்களாம். 2023-ல் எறிகிறவன் 15 விநாடியில், தளத்தில் ஆள் இருந்தால் 20 விநாடியில் எறிய ஆரம்பிக்க வேண்டும் என்று இருந்தது. கடிகாரத்தில் எட்டு விநாடி மிச்சம் இருக்கும்போது தடிக்காரன் தயாராக நிற்காவிட்டால், பந்தே வராமல் அவனுக்கு ஒரு தவறு. முந்தின வருஷம் ஒரு ஆட்டம் சராசரி 3 மணி 4 நிமிஷம் நடந்ததாம். கடிகாரம் வைத்ததும் 2 மணி 40 நிமிஷம். "ஆட்டம் கெட்டுப்போகும் என்று கூச்சல் போட்டார்கள் சார். ஒன்றும் கெடவில்லை. நம் கோர்ட்டிலும்…" என்று ஆரம்பித்தவர், படியில் செருப்புச் சத்தம் கேட்டு நிறுத்தினார்.

ஆயா ஏறி வந்தாள். கையில் மஞ்சள் பை. ஒரு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும். குமாஸ்தா எழுந்து தம் நாற்காலியைக் கொடுத்தார். அன்றைக்கு நிறைவேற்று மனு விசாரணைக்கு இருந்தது, நீதிபதி லீவு.

"இன்னா தேதி போட்டாங்க, குமாஸ்தாத் தம்பி?"

குமாஸ்தா ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியை எழுதிக் கொடுத்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது; ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுதித்தான் கொடுப்பார். பஸ் காசையும் கடலையையும் தள்ளிவிட்டு அவள் மஞ்சள் பைக்குள் கை விட்டபோது, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுத் தெரிந்தது. பதினைந்து வருஷத்துத் துண்டுக் காகிதங்கள். கேஸ் கட்டைவிடச் சற்றுத்தான் மெலிவு.

"ஆயா, சாப்பிட்டாயா?" என்றார் நண்பர்.

"ஆச்சுய்யா." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, குறையாக இல்லை, நேற்று மழை வந்ததா என்று கேட்பது போலக் கேட்டாள்: "ஏன்யா, அப்பவே அந்தக் கால் பங்கக் கொடுத்திருந்தாங்கன்னா, ஒரு போர் போட்டிருக்கலாம், இல்ல? அப்ப ஒடம்புல தெம்பு இருந்திச்சு."

நண்பர் பதில் சொல்லவில்லை. குமாஸ்தா அவளிடமிருந்து துண்டுக் காகிதத்தை வாங்கி, தேதிக்குக் கீழே கிழமையையும் எழுதி, வாய்விட்டு ஒரு தரம் படித்துக் காட்டி, திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கட்டின் மேலே வைத்து ரப்பரைச் சுற்றினாள்.